தனபாக்கியம் வரிசைக்கு வரவில்லை

சாப்பாட்டு வண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று ஆரன் அடித்தது. வெள்ள நிவாரண முகாமே தட்டோடு எழுந்து ஓடியது. ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

மணி தொங்கும் தூணில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி தனபாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, வண்டி வந்துடுச்சி" என்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியுது."

"சாம்பார் சாதம். சூடா இருக்குது."

"மூக்கும் நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் இன்னா? எழுந்து வரிசைக்கு வாங்க."

கவிழ்ந்த தட்டின் முதுகில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "நான் வர்ல. நீ போய் நில்லு சின்னவரே, ஒனக்கு ஆறிடப் போவுது."

'சின்னவரே' என்று கூப்பிடுவதில் உள்ள மரியாதையை, அடுத்த சொல்லில் திருப்பி எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். முப்பது வருடமாக எனக்கு இதுதான் கிடைக்கிறது. நானும் போய் நின்றேன். எனக்கு ஆறித்தான் கிடைத்தது.

பேனா வைத்திருந்த குற்றம்

போன வாரம் இந்தப் பத்தியில், என் மோட்டார் சைக்கிள் தெருவில் மிதந்து, முனையில் இண்டிகேட்டர்கூடப் போடாமல் திரும்பிப் போனதை எழுதியிருந்தேன். வண்டி கிடைத்ததா என்று விசாரித்தவர்களுக்கு: கிடைத்தது. கரும்புத் தோட்டத்தில், தலைகீழாக. இப்போதும் உதைத்தால் முதலில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீரைத் துப்பிவிட்டுத்தான் யோசிக்கிறது. அது ஓடிய கதை. இது உட்கார்ந்த கதை.

தென்பெண்ணை கரை மீறி வந்த கார்த்திகை மாதம் அது. புதுச்சேரியில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. மேலத்தெரு, கீழத்தெரு இரண்டும் சேர்ந்து, மேட்டில் இருக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தில் ஏறிக்கொண்டோம். அறுபது குடும்பம், எட்டு வகுப்பறை. தண்ணீர் வேகமாக ஏறியதில் அவரவர் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவர் மிக்ஸி. ஒருவர் சாமி படம். என் எதிர்வீட்டுக் கோவிந்தன், மார்போடு அணைத்த ஒரு பெரிய மாங்காய் ஊறுகாய் ஜாடி. நான் ஒரு யூரியா சாக்கு நிறையப் புத்தகங்கள்.

என் மனைவி மலர்க்கொடி இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ரேஷன் கார்டு, ஆதார், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அவள் முன்னால் நடந்தாள். பின்னால் நான் உலக இலக்கியத்தைச் சுமந்து வந்தேன்.

இலக்கியத்துக்கு முகாமில் முதல் நாளே உபயோகம் கிடைத்துவிட்டது. ஆளுக்கு இரண்டு என்று வாங்கித் தலைக்கு வைத்துப் படுத்தார்கள். தடித்த நாவல்களுக்கு அடிதடி. கவிதைத் தொகுப்புகளை யாரும் சீண்டவில்லை. உயரம் போதாதாம்.

மறுநாள் வருவாய்த் துறையிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். முட்டிவரை சேறு, கண் நிறையத் தூக்கம். கூட்டத்தைப் பார்த்து, "யார்கிட்டயாவது பேனா இருக்குதா?" என்றார். வீடே போனாலும் சட்டைப் பையில் பேனாவோடு வந்தவன் நான் ஒருவன்தான். எடுத்து நீட்டினேன். பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், நீங்கதான் இந்த முகாமுக்குப் பொறுப்பாளர்" என்றார்.

இதைவிட அற்பமான காரணங்களுக்காகச் சாம்ராஜ்யங்களே கைமாறியிருக்கின்றன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் நான் குடோன் கிளார்க். என் கீழ் வேலை செய்ய ஒரு எடைத் தராசு மட்டுமே உண்டு. திடீரென்று அறுபது குடும்பம்.

நீரின் பயன்கள்

எங்களுக்கு ஒதுக்கியது மூன்றாம் வகுப்பு, அ பிரிவு. கரும்பலகையில் ஆசிரியை அழகான கையெழுத்தில் 'நீரின் பயன்கள்' என்று தலைப்புப் போட்டு ஐந்து பயன்களை எழுதியிருந்தார். குடிக்க, குளிக்க, சமைக்க, துவைக்க, பயிர் செய்ய. அதை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் ஆறாவதாக ஒன்று சேர்ந்திருந்தது: 'ஊரைப் பள்ளிக்கு அனுப்ப.' கையெழுத்து கோவிந்தனுடையது போல இருந்தது. அவர் படித்ததும் மூன்றாவது வரைதான். விட்ட இடத்தில் தொடர்ந்திருக்கிறார்.

முகாமின் காலை, விரத மாலை போட்ட சாமிகளோடு தொடங்கும். ஐந்தாம் வகுப்பிலிருந்து சரணம் கேட்கும். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, வெறுந்தரையில் படுத்து, கொடுத்ததைச் சாப்பிட்டு நாற்பத்தெட்டு நாள் இருக்க வேண்டியவர்கள் அவர்கள். முகாமுக்கு வந்ததில் அவர்களுடைய அன்றாடத்தில் எந்த மாற்றமும் இல்லை. மற்றவர்கள்தான் திடீரென்று விரதத்துக்கு வந்தது போல விழித்தோம்.

விடிந்ததும் ஆம்பளை, பொம்பளை எல்லோரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். ஊரின் மாடுகள் அத்தனையும் அங்கேதான் கட்டிக் கிடந்தன. பால் கறந்து தூக்குச் சட்டியில் எடுத்துவந்தால் இரண்டாம் வகுப்பில் டீ. தலைமை ஆசிரியர் அறையில் ஒரே ஒரு பிளக். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன், அதன் மேல் ஒரு எக்ஸ்டென்ஷன், அதைச் சுற்றி ஊரின் எல்லா செல்போனும் தாய்ப்பன்றியிடம் ஒட்டிய குட்டிகள் மாதிரி கிடக்கும். அதற்குக் காவல் நான். கழிவறைச் சாவிக்கும் நான்தான். 'பொறுப்பாளர்' என்ற சொல்லின் முழு ஆழமும் அந்தச் சாவி என் இடுப்பில் தொங்கிய நாட்களில்தான் எனக்கு விளங்கியது.

முதல் இரண்டு நாளும் ரொட்டி, பிஸ்கட். உட்கார்ந்த இடத்திலேயே பையன்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து சாப்பாட்டு வண்டி. கூடவே விதிமுறையும் வந்தது. காலையில் டோக்கன், வேளைக்கொரு வரிசை, டோக்கனுக்கு ஒரு கரண்டி.

நானும் அந்த வரிசையில் நின்றேன் அல்லவா? என் முறை வந்தபோது கை தானாக நீண்டது. வண்டியில் நின்ற கரண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார், போட்டார், அடுத்த தட்டைப் பார்த்தார். பாவம், அவருக்கும் நாலு முகாம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தட்டோடு திரும்பி நடந்தபோது, நான் ஏன் யாரையும் பார்க்காமல் சுவரை ஒட்டி நடக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

என் முதல் தவறு, இரண்டாவது தவறு

தனபாக்கியம் அக்கா கீழத்தெரு; நாங்கள் மேலத்தெரு. எங்கள் ஊர் நடவு செட்டுக்குத் தலைவி. அவரோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள். எந்த வயலில் எந்த நாள் நடவு என்பதை அவர்தான் முடிவு செய்வார். வயல்காரர்கள் பின்னாலேயே நடந்து தேதி வாங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் வேறு நிறம். வருடக்கணக்காகச் சேற்றில் நின்ற நிறம். வயது அறுபதைத் தொட்டிருக்கும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்.

அந்த மாத்திரைதான் சிக்கல். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் மயங்கி விழுவார். போடாவிட்டால் அது வேறு கதை. செவ்வாய் மதியம் சாப்பிடவில்லை. சாயங்காலமும் வெறும் டீ.

நான் படித்தவன். எனவே பிரச்சினையை எழுத்தின் மூலம் தீர்க்கலாம் என்று முடிவு செய்தேன். 'உணவு பெறுவதில் கூச்சம் வேண்டாம். வரிசை என்பது சமத்துவத்தின் அடையாளம்' என்று தொடங்கி, இரண்டு பக்கத்துக்கு ஓர் அறிவிப்பு எழுதி, மணித் தூணிலேயே ஒட்டினேன். நல்ல நடை. நடுவில் கொஞ்சம் வரலாறுகூட இருந்தது. அரைமணி நேரத்தில் யாரோ அதைக் கிழித்து ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த வேர்க்கடலையை மடித்திருந்தார்கள். கடலை எனக்கும் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில்.

சரி, எழுத்து தோற்றால் செயல். சாயங்கால வண்டியில் ஒரு தட்டு உப்புமா வாங்கி, நானே தூக்கிக்கொண்டு தூணடிக்குப் போனேன். அவரை நான் தனியாக மதிக்கிறேன் என்று காட்டுவதாக எனக்கு நினைப்பு.

அக்கா தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு?"

"ஒங்களுக்குத்தான். வரிசைல நிக்க வாணாம். நானே கொண்டாந்துட்டன்."

"எனக்கு மட்டும் கொண்டாந்து குடுக்கறதுக்கு நான் இன்னா சீக்காளியா? இல்ல ஒன் மாமியாளா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். என் மாமியாரும் அதே கூட்டத்தில்தான் இருந்தார். அவரும் சிரித்தார்.

"எடுத்துனு போயி மலருக்குக் குடு. காலைலேர்ந்து ஊர்ப் புள்ளைங்களுக்குலாம் ஊட்டினு கெடக்குது, அது ஒரு வாயும் துன்னல" என்றார். மலர்க்கொடி சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியாது. முகாம் பொறுப்பாளருக்கு முகாம் முழுவதும் தெரிந்திருந்தது, வீடு தெரியவில்லை.

புதன்கிழமை காலை வண்டி வந்தபோது மடியில் கவிழ்ந்த தட்டுகள் பதினான்கு.

யாரும் கூட்டம் போடவில்லை, பேசவில்லை. தலைவி எந்தக் காலை முதலில் வைக்கிறாரோ அதே காலை மற்றவர்களும் வைத்துப் பழகிய செட்டு அது. தூணிலிருந்து சுவர்வரை ஒரே நேர்கோட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். "சார், மேல கேக்கறாங்க. சாப்பாட்டுக்கு ஆள் கொறையற முகாம எல்லாம் சேத்து, வில்லியனூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாத்தப் போறாங்க. இன்னிக்கி மத்தியானம் நான் சொல்ற எண்ணிக்கைதான். அப்பறம் என் கைல இல்ல."

வில்லியனூருக்குப் போனால் ஏரிக்கரையில் நிற்கும் மாடுகளுக்கு யார் வைக்கோல் போடுவது? யார் கறப்பது? அந்த மாடுகள்தான் அந்த வாரம் ஊரிடம் மிச்சமிருந்த சொத்து. போய்ச் சொன்னேன். அக்கா தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். முகத்தில் கவலை தெரிந்தது. தட்டு நிமிரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்த அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழவில்லை; உட்கார்ந்தார். ஆனால் எழ முடியவில்லை. முகாமுக்கு வந்திருந்த நர்சம்மா ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னா ஆயிருக்கும் தெரியுமா? ஏம்மா, சாப்புட மாட்டன்னு அப்பிடி இன்னா வீம்பு?"

நர்சம்மா வாயில் போட்ட சர்க்கரையை நாக்கால் ஒதுக்கிக்கொண்டு அக்கா மெதுவாகச் சொன்னார்: "சாப்புட மாட்டன்னு எவ சொன்னா? நிக்க மாட்டன்னுதான் சொன்னன்."

அப்போதுதான், எனக்கு, அந்தக் குழாயடியில், முப்பது வருடம் தாமதமாக, புத்தி வந்தது.

நாற்று வாடிய மதியம்

முப்பது வருடத்துக்கு முன், நான் கல்லூரியில் முதல் வருடம். அப்பாவுக்கு ஆற்றோரம் நான்கு காணி நிலம். நடவு நாளில் பத்து மணிக்கு நடவுப் பெண்களுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். அப்பா கூழ்ப் பானையை மோட்டார் கொட்டகை நிழலில் வைத்துவிடுவார். பெண்கள் சேற்றிலிருந்து ஏறி, வரப்பு முழுக்க வரிசையாக நின்று, ஒவ்வொருவராக வந்து சட்டியை நீட்ட வேண்டும். எல்லா வயல்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் அதில் தப்பு தெரிந்ததில்லை.

அந்த வருடம் செட்டுக்குப் புதுத் தலைவி. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்து சில வருடங்களே ஆன தனபாக்கியம். கூழ் வந்ததும், கையிலிருந்த நாற்று முடியைச் சேற்றில் குத்தி நிறுத்திவிட்டு, வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"இன்னா, கூழு வாணாமா?" என்றார் அப்பா.

"வேணும்."

"அப்ப வந்து வாங்கறது."

"மாட்டுக்கே கட்டின எடத்துலதான வைக்கோலு போடறீங்க? எங்களுக்கும் ஒக்காந்த எடத்துல ஊத்துங்க."

அப்பா கத்தினார். வேறு செட்டைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிட அந்த வட்டாரத்தில் வேறு செட்டு கிடையாது. வெயில் ஏற ஏறப் பிடுங்கிப் போட்ட நாற்று தலை சாய்ந்துகொண்டே வந்தது. பெண்கள் நாற்றையும் பார்த்தார்கள், அப்பாவையும் பார்த்தார்கள். நாற்று வாடுவதில் அவர்களுக்கும் மனசு வாடியது. தெரிந்தது. எழுந்திருக்கத்தான் இல்லை.

இத்தனையும் நடக்கும்போது நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து புரட்சியைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். மிக முக்கியமான அத்தியாயம் என்பதால் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

உச்சிப் பொழுதில் அப்பா என் பெயரைச் சொல்லிக் கத்தினார். "டேய், போயி ஊத்துடா!" தானே போய் ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை, மகனை அனுப்பினார். பானையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போனேன். புதிய பேன்ட். சேறு படுமே என்று நின்றபடியே, உயரத்திலிருந்து ஊற்றினேன். கூழ் சட்டியில் பாதி, தனபாக்கியத்தின் மடியில் பாதி.

அவர் கோபப்படவில்லை. மடியை உதறிக்கொண்டு சொன்னார்: "குனிஞ்சி ஊத்து சின்னவரே."

குனிந்தேனா என்று நினைவில்லை. நினைவில்லை என்று எழுதும்போதே பதில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் நடவுக் கூழ் உட்கார்ந்த இடத்துக்குத்தான் வருகிறது. இப்போது கூழுக்குப் பதில் இட்லி, டீ. ஆனாலும் வரப்புக்கு வரும். பக்கத்து ஊர்களில் இன்னும் கொட்டகையில்தான் வைக்கிறார்கள் என்று கேள்வி. அந்த ஊர்க்காரர்களிடம் எங்கள் ஊரைப் பற்றி நான் பெருமையாகப் பேசியிருக்கிறேன், ஏதோ நானே போராடி வாங்கியது மாதிரி.

இலைக் கணக்கு

குழாயடியிலிருந்து நேராக அதிகாரியிடம் போனேன்.

"பந்தி போட்டுடலாம் சார். எல்லாரையும் ஒக்கார வெச்சி எலையில பரிமாறிடலாம்."

"டோக்கன் சார்? எத்தன பேர் சாப்ட்டாங்கன்னு நான் காட்டணுமே. பந்தில எப்பிடி எண்ணறது?"

வாழ்க்கையில் முதல் முறையாக என் வேலை எனக்குக் கைகொடுத்தது. "குடோன்ல நாங்க மூட்டைய எண்ண மாட்டோம் சார், அடுக்க எண்ணுவோம். வரிசைக்குப் பத்து எலை. எத்தன வரிசையோ அதுக்கு ஒரு சைபர் சேத்துக்குங்க."

அதிகாரி யோசித்தார். தூக்கம் நிறைந்த அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம். "அட, லைன்ல ஒருத்தனே ரெண்டு தடவ வந்து நிக்கறான். எலைன்னா ஒரு ஆளு ரெண்டு எலைல ஒக்கார முடியாது இல்ல?"

"கோவிந்தன் முயற்சி பண்ணுவாரு. நான் பாத்துக்கறன்."

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வாழைத் தோப்பு, காற்றில் மொத்தமும் சாய்ந்து கிடந்தது. தோப்புக்காரரும் முகாமில்தான் இருந்தார். "அறுத்துக்குங்க, அதுவாவது ஆவட்டும்" என்றார். தனபாக்கியம் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டவில்லை. "எலை யாரு அறுக்கறது?" என்று மட்டும் கேட்டார். பதில் வருவதற்குள் தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். பதினான்கு தட்டும் ஓரமாகப் போயின.

"அக்கா, நீங்க ஒக்காருங்க. மயக்கமா இருக்கும். முதல்ல சாப்புடுங்க" என்றேன்.

"எல்லாரும் ஒக்காந்தப்பறம். சக்கரைய வாயில போட்டாங்க இல்ல, அது தாங்கும்" என்றார். நர்சம்மா ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நகரவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இலையை அறுத்து, மழைத் தண்ணீரில் அலசி, கைக்கு ஒரு கட்டாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் நீண்ட வராந்தாவின் ஒரு முனையில் இறங்கினார்கள். குனிந்தார்கள். பின்பக்கமாக நகர்ந்துகொண்டே இலையைப் போட்டார்கள். ஒரு அடி பின்னால், ஒரு இலை. ஒரு அடி பின்னால், ஒரு இலை. நடவேதான். நூல் பிடிக்கவில்லை, அளக்கவில்லை. வராந்தா முடிந்தபோது திரும்பிப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடம் பச்சைப் பயிர் வைத்திருந்தது.

"எண்ணிக்கோ சின்னவரே" என்றார் அக்கா. எண்ணினேன். வரிசைக்குப் பத்து. ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஜாடியை இறக்கு

இலை போட்டாகிவிட்டது. உட்காருவதில் ஒரு தயக்கம் வந்தது.

எங்கள் ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. யாரும் தடுத்ததில்லை என்று நாங்கள் சொல்வோம். உட்கார்ந்ததும் இல்லை. வரிசையில் நின்றபோதுகூட மேலத்தெரு ஆட்கள் முன்னால் ஒரு கொத்தாக நின்றதைப் பொறுப்பாளராகிய நான் மூன்று வேளையாகப் பார்க்காதது போல இருந்தேன்.

இப்போது கோவிந்தன் ஊறுகாய் ஜாடியை அணைத்துக்கொண்டு, வராந்தாவின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"இன்னா கோவிந்தா, நிக்கற?" என்றார் அக்கா.

"இல்ல, எங்க ஒக்கார்றதுன்னு..."

"எடம் பாத்துலாம் ஒக்கார முடியாது. எலை எங்க வுழுதோ அங்க ஒக்காரு. பசிக்கலன்னா சொல்லு, எலைய எடுத்துடறன்."

கோவிந்தனுக்குப் பசித்தது. உட்கார்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் ஒரு மாலை போட்ட சாமி, அந்தப் பக்கம் கீழத்தெரு முருகேசன்.

"ஜாடிய எறக்கு" என்றார் அக்கா.

"இது எங்க வூட்டு..."

"ஒங்க வூட்டு ஊறுகாதான். தெரியும். நாலு நாளா கட்டிப் புடிச்சினு தூங்கற, ஒம் பொண்டாட்டி என்கிட்ட அழுவுது. எறக்கு."

வராந்தாவே சிரித்தது. கோவிந்தன் ஜாடியை இறக்கினார். மூடியைத் திறந்ததும் எழுந்த அந்த மணம்! வெந்தயமும் நல்லெண்ணெயும் மாங்காயும். நாலு நாளாகச் சேற்று வாடையைத் தவிர வேறெதுவும் அறியாத மூக்குகள் ஒரே நேரத்தில் திரும்பின. இலைக்கு ஒரு துண்டு வந்தது. வண்டியில் வந்த அதே சாம்பார் சாதம்தான். அந்த ஒரு துண்டு ஊறுகாயோடு இலையில் விழுந்ததும் அது விருந்தாகிவிட்டது. கோவிந்தன் தானே எழுந்து, "இன்னும் ஒண்ணு வெச்சிக்கப்பா" என்று முருகேசனுக்குப் பரிமாறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். என் கண்ணை நானே நம்பவில்லை என்பதால் மலர்க்கொடியிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அதிகாரி தூணோரம் நின்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சாப்ட்டியா தம்பி?" என்றார் அக்கா.

"டூட்டில இருக்கறம்மா."

"டூட்டி எங்க ஓடிடப் போவுது? ஒக்காரு."

"இல்லம்மா, இது ஒங்களுக்கு வந்தது."

"எங்களுக்கு வந்ததுல நாங்க யாருக்கு வேணா போடுவோம். ஒக்காருன்றன்."

அவர் உட்கார்ந்தார். வண்டி ஓட்டுநர் உட்கார்ந்தார். கரண்டிக்காரரையும் பிடித்து உட்காரவைத்தார்கள். நேற்றெல்லாம் தட்டுகளை மட்டுமே பார்த்திருந்த அந்த மனிதர், தன் இலையில் சோறு விழுந்ததும் தலையை நிமிர்த்தி, போட்டவர் முகத்தைப் பார்த்தார். "போதும்மா" என்றார். இன்னொரு கரண்டி விழுந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அதிகாரி நோட்டை எடுத்து, கடைசியில் உட்காரப்போகும் பதினான்கு பேரையும் சேர்த்துக்கொண்டார். கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

"சார், பேர் பதிஞ்சதவிட மூணு எலை அதிகமா வருது."

"அதுல ஒண்ணு நீங்க சார்."

அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. போனை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார். "இந்த முகாம் இங்கியே நடக்கட்டும் சார். ஆளு நெறைய இருக்குது" என்று சொல்வது கேட்டது. தண்ணீர் வடிந்து நாங்கள் வீடு திரும்பும்வரை முகாம் அங்கேயே நடந்தது. மாடுகளும் ஏரிக்கரையில் பிழைத்தன.

கடைசிப் பந்தி

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

எல்லோரும் எழுந்த பிறகு, வராந்தாவைக் கழுவிவிட்டு, இவ்வளவு நேரம் பரிமாறிய பதினான்கு பெண்களும் தங்களுக்கு இலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் இலையில் தனபாக்கியம் அக்கா. முகம் வெளுத்திருந்தது. முதுகு மட்டும் தூணில் சாயவில்லை. நர்சம்மா மாத்திரையோடு பக்கத்தில் நின்றார்.

அக்கா நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். "எங்களுக்கு யாரு போடறது?"

மேலத்தெரு ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பள்ளிக்கூடக் கூரையின் உறுதியைச் சோதிக்கத் தொடங்கினார்கள். நானும் அண்ணாந்தேன். கூரை உறுதியாகத்தான் இருந்தது.

என் கையில் ஏதோ கனமாக வந்து விழுந்தது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தேன். கரண்டி. கொடுத்தவள் மலர்க்கொடி. "போங்க" என்றாள். அந்த ஒரு சொல்லில் யூரியா சாக்கும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு மருத்துவக் குறிப்பு. எனக்கு இடுப்பு எலும்பில் தட்டு விலகியிருக்கிறது. அரியூர்ப் பக்கம் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குனியவே கூடாது" என்று சொல்லி மூன்று வருடமாகிறது. அதிலிருந்து கீழே விழுந்த எதையும் நான் எடுத்ததில்லை. வசதியான நோய்.

கோவிந்தன் சாதத் தவலையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அவராகத்தான் வந்தார். நான் முதல் இலைக்கு முன்னால் போய் நின்றேன். பழைய நினைவில் கை மேலிருந்தே போடப் பார்த்தது.

அக்கா இலையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

குனிந்தேன். இலைக்குப் பக்கத்தில் கரண்டி தொடும் அளவுக்குக் குனிந்தேன். ஒரு பருக்கை வெளியே விழவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி. கோவிந்தன் ஒரு துண்டு ஊறுகாய் வைத்தார், பெரிய துண்டு.

அக்கா சாதத்தைப் பிசைந்து முதல் வாய் போட்டார். மென்றார். விழுங்கினார். நேற்று மதியத்திலிருந்து நான் பார்க்கக் காத்திருந்தது அது. இரண்டாவது வாய் போனது. மூன்றாவது போனது. நர்சம்மா மூச்சை வெளியே விட்டார்.

"சாம்பார்ல உப்பு கம்மி" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். "போதும். நிமிரு சின்னவரே."

முயன்றேன். இடுப்பில் எங்கோ ஒன்று பிடித்துக்கொண்டது. கரண்டியை ஊன்றிப் பார்த்தேன், நடக்கவில்லை.

"நிமிர முடியலக்கா."

அந்த நான்கு நாளில் தனபாக்கியம் அக்கா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பதினான்கு பேரும் சிரித்தார்கள். சோற்றுக் கையால் அடுத்த இலையைக் காட்டினார்.

"அப்ப அப்பிடியே அடுத்த எலைக்குப் போ."